புதன்கிழமை வந்துடு

எந்த மாதம் வந்தால் நல்லது என்று யார் கேட்டாலும் சினிவா யோசிக்க மாட்டாள். “மே மாசம் வாங்க, இல்லைன்னா அக்டோபர்ல வாங்க” என்று பட்டென்று சொல்லிவிடுவாள். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் காற்று நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தீவுக்கு வரும் கப்பலில் ஒற்றைக்காலில் நிற்கக்கூட இடமிருக்காது. டிக்கெட் விலை ஆளை விழுங்கும். டிசம்பர் பிறந்தால் மழை, மார்ச் முடியும்வரை புயல் பயம். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கிடக்கும் இரண்டுங்கெட்டான் மாதங்கள்தான் விவரம் தெரிந்தவர்களுக்கு. கூட்டம் போயிருக்கும், மழை வந்திருக்காது.

இந்த விவரத்தை வைத்துத்தான் அவள் பிழைத்தாள் என்று சொல்ல வேண்டும். சவாயித் தீவின் வடக்குக் கரையில் அவளுக்கு ஆறு குடில்கள். சுவர் கிடையாது. தென்னோலைத் தட்டியை இறக்கினால் அறை, ஏற்றினால் வெறும் கூரை. கணவன் மோசேசே செத்துப்போனபோது மகனுக்கு ஒன்பது வயது. அப்போது நின்றது இரண்டு குடில். ஒரு புயல் அந்த இரண்டையும் கடலுக்குள் கொண்டுபோனது. அவள் மூன்றாகக் கட்டினாள். அடுத்த புயல் மூன்றையும் தின்றது, அவள் ஆறாகக் கட்டினாள். இன்னொரு புயல் வந்தால் பன்னிரண்டு ஆகிவிடும் என்று ஊர் ஆண்கள் கிண்டல் செய்வார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் கணினி வழியாக எழுதிக் கேட்பார்கள். மருமகள் தலீத்தா வாசித்துச் சொல்ல, சினிவா கொக்கோ கிண்டிக்கொண்டே பதில் சொல்வாள், தலீத்தா தட்டுவாள். கொசுவத்தி கொண்டு வரணுமா, ஞாயிற்றுக்கிழமை கடலில் குளிக்கலாமா என்று எல்லாரும் அதையே கேட்டதால் கடைசியில் ஒரே காகிதத்தில் ஏழு குறிப்புகளாக அச்சடித்துவிட்டார்கள். வரப்போகிறவர்களுக்கு அதுதான் போகும். ஒவ்வொரு குடிலின் கம்பத்திலும் ஒரு பிரதி தொங்கும்.

அதில் நான்காவது குறிப்பின் அடியில் மட்டும் சிவப்புக் கோடு இருக்கும். ‘பாங்கோவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்கவும். அங்கே என்ன கிழமையில் கிளம்புகிறீர்களோ, அதற்கு மறுநாள் கிழமையில்தான் இங்கே இறங்குவீர்கள். புதன்கிழமை இங்கே இருக்க வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமையே அங்கே விமானம் ஏறுங்கள்.’

பாங்கோ என்ன பெரிய தூரமா? கிழக்கே நாற்பது நிமிஷம் பறந்தால் அமெரிக்கக் கொடி பறக்கும் அந்தத் தீவு. அதே பேச்சு, அதே பாட்டு, அதே சொந்தபந்தம். முன்பெல்லாம் அங்கே புதன் என்றால் இங்கேயும் புதன்தான். நம் அரசாங்கத்துக்குத்தான் ஒரு வருஷக் கடைசியில் திடீரென்று ஞானம் பிறந்தது. நியூசிலாந்தோடு வியாபாரம் செய்ய நாள் ஒத்து வரவில்லை என்று, ஒரு வெள்ளிக்கிழமையை முழுசாக விழுங்கிவிட்டார்கள். வியாழக்கிழமை படுத்த நாடு சனிக்கிழமை எழுந்தது. அன்றிலிருந்து நாம் ஒரு நாள் முன்னே, பாங்கோ ஒரு நாள் பின்னே. இதைத் தெரியாமல் ஒரு டேனிஷ் தம்பதி ஒரு நாள் தாமதமாக வந்து, பூட்டின கடைமுன் நிற்பதுபோல் நின்றார்கள். சிவப்புக் கோடு விழுந்தது அதற்கப்புறம்தான்.

சினிவாவின் அக்கா மகெரித்தா இருந்ததும் பாங்கோவில்தான். பத்தொன்பது வயதில் அங்கே மீன் ஆலைக்குப் போனவள், நாற்பது வருஷம் நின்றபடியே சூரை மீனைச் சுத்தம் செய்தாள். அங்கேயே கல்யாணம் ஆயிற்று. புருஷன் செத்துப்போனான், பிள்ளைகள் அமெரிக்காவில். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் நெஞ்சு வலி, நிறைய வாய். வாரம் தவறாமல் போன் வரும்.

“ஜூலையில வரட்டுமாடி? ஆலையில லீவு குடுக்கறான்.”

“ஜூலையா? குடில் எல்லாம் நிறைஞ்சு கிடக்கு அக்கா. உன்னை எங்க படுக்க வைக்கறது?”

“உன் பக்கத்துல படுத்துக்கறேன். ஒரே பாயில தூங்கினவங்கதானே?”

“எனக்கே பாய் இல்லை, சமையல்கட்டுல சுருண்டு கிடக்கேன். நீ அக்டோபர்ல வா. டிக்கெட்டும் பாதி விலை. நானும் உன்கூட நாலு வார்த்தை பேச முடியும்.”

கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்றால் மழை என்பாள். கூடப் பிறந்தவளுக்கே பருவம் பார்த்துச் சொன்னவள் எங்கள் கரையில் இவள் ஒருத்திதான். ஜூலை விருந்தாளிக்கு, அக்டோபர் அக்காவுக்கு என்று அவள் மனசில் எப்போதோ பிரித்து வைத்துவிட்டாள். ஆனால் ஒரு அக்டோபரில் மகெரித்தாவுக்கு ஆலையில் லீவு கிடைக்கவில்லை. இன்னொரு அக்டோபரில் சர்க்கரை அவள் கால் விரல் இரண்டைக் கொண்டுபோனது. இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

மகெரித்தா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். பலோலோவுக்கு. கடலடிப் பாறைக்குள் வருஷம் முழுக்க ஒளிந்திருக்கும் அந்தப் புழு, அக்டோபரிலோ நவம்பரிலோ, பௌர்ணமி கழிந்து ஒரு வாரத்தில், விடிவதற்கு முன்னால் பச்சையும் நீலமுமாக நூல் நூலாய் மேலே எழும்பும். ஓரிரு நாள்தான். வெயில் ஏறினால் கரைந்து போகும். ஊரே இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நிற்கும். சின்ன வயதில் அக்காவும் தங்கையும் அப்பாவின் கிழிந்த கொசுவலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நின்றவர்கள். அள்ளினதில் பாதியை மகெரித்தா பச்சையாகவே வாயில் போட்டுக்கொள்வாள், அதற்கு வீட்டில் உதை விழும்.

ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் மருத்துவர் அவளிடம், போகிற ஊருக்கெல்லாம் சீக்கிரம் போய்விட்டு வந்துவிடுங்கள் என்றார். அவள் அதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த அக்டோபரில் அவளை எப்படியும் வரவழைத்துவிடுவது என்று சினிவா முடிவு செய்தாள். நாடு நாளைத் தாண்டிக் குதித்த பிறகு வந்த மூன்றாவது அக்டோபர் அது.

நிலாவைப் பார்த்தாள், பலோலோ காலத்தில் பூக்கும் மோசோய் மரத்தில் பூ விரிந்திருக்கிறதா என்று பார்த்தாள், பலோலோ கணக்கில் ஒருநாளும் தப்பாத கிழவர் ஒருவரிடமும் கேட்டாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டாள்.

“வியாழக்கிழமை விடியக்காலம் பலோலோ எழும்பும். நீ புதன்கிழமை வந்துடு.”

“புதன்கிழமையா? சரிடி, புதன்கிழமை.”

“மருந்தை மறந்துடாதே. ஸ்வெட்டர் எடுத்துக்க, தண்ணியில நின்னா குளிரும்.”

“ஆமா, எனக்குக் கடலைப் பத்திச் சொல்லிக் குடு.”

போனை வைத்ததும் தலீத்தா கேட்டாள். “அத்தே, அந்த நாலாவது குறிப்பைப் பெரியம்மாவுக்குச் சொன்னீங்களா?”

“எதுக்கு? அவ என்ன வெள்ளைக்காரியா? இந்த மண்ணுல பொறந்தவடி. ஊரே கத்துக்கிட்டதை அவளுக்குத் தனியாக் காகிதம் போட்டுக் குடுக்கணுமா?”

மாமியாரிடம் இரண்டாம் தரம் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

புதன்கிழமை வந்தது. தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும் முதல் குடிலை, இரண்டு ஆஸ்திரேலியர்கள் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தாள். புது விரிப்பு போட்டாள். தாரோக் கிழங்கின் இலையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுருட்டி, சுட்ட கல் அடுப்பில் வைத்தாள். துறைமுகத்திலிருந்து வரும் பேருந்துக்காக நாலு மணியிலிருந்து ரோட்டில் நின்றாள். முதல் பேருந்தில் அரிசி மூட்டைகள் இறங்கின. கடைசிப் பேருந்தில் பாதிரியாரின் மகள் இறங்கினாள். மகெரித்தா இல்லை.

“ஒரு போன் பண்ணிப் பாருங்களேன், அத்தே.”

“நான் எதுக்குப் பண்ணணும்? வரலைன்னா அவ சொல்ல வேண்டாம்? பதினோரு வருஷமா இதேதான். குடிலைக் காலி பண்ணி, கோழியடிச்சு, ரோட்டுல நிக்கறேன் பைத்தியக்காரி மாதிரி. பண்ண மாட்டேன்.”

கோபம் வந்தால் சினிவாவுக்குக் கை மட்டும் வேலை செய்யும், மூளை வேலை செய்யாது. அன்று ராத்திரி அவள் வலைகளை எல்லாம் தானே தைத்தாள்.

வியாழன் விடியலில் பலோலோ கொட்டோ கொட்டென்று கொட்டியது. அப்படி ஒரு வருஷத்தைப் பார்த்ததில்லை என்று கிழவரே சொன்னார். கழுத்தில் மோசோய் மாலையோடு ஊர் முழுக்கத் தண்ணீருக்குள் நின்றது. விருந்தாளிகள் பதினொரு பேர் கத்திக் கூச்சல் போட்டார்கள். சினிவா இடுப்பளவில் நின்று அள்ளி அள்ளி வாளியில் போட்டாள். ஒவ்வொரு தரம் அள்ளும்போதும் அக்காவைத் திட்டினாள். பாதிரியாருக்கு ஒரு பங்கு, ஊர்த் தலைவருக்கு ஒரு பங்கு போனது. மீதியை வெண்ணெயில் வதக்கி ரொட்டியோடு வைத்தாள். ஒரே ஒரு கிண்ணத்தை மட்டும் மூடி, அலமாரியில் தனியாக எடுத்து வைத்தாள்.

மத்தியானம் ஒரு ஜெர்மன் பெண் வந்து, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள். சினிவா அலமாரியைப் பார்த்தாள். வராதவளுக்கு எதற்கு என்று தோன்றியது. மூடியைத் திறந்து அந்தக் கிண்ணத்தையும் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை நாய்க்கு வைத்தாள்.

நாலு மணிப் பேருந்து வந்து நின்றது. முதலில் ஒரு புது வலை இறங்கியது, அப்புறம் ஒரு பெட்டி, அப்புறம் ஒரு காலைத் தாங்கித் தாங்கி மகெரித்தா.

“என்னடி மலைச்சுப் போய் நிக்கற? பெட்டியைப் பிடி. நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணியில இறங்கறோம்?”

சினிவா பெட்டியைப் பிடிக்கவில்லை. “அக்கா, இன்னிக்கு என்ன கிழமை?”

“புதன். நீதானே வரச் சொன்னே?”

பேருந்து ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். “வியாழன், அம்மா! நீங்க பாங்கோவுலயே ஒரு நாளை விட்டுட்டு வந்துட்டீங்க!” பேருந்து முழுக்கச் சிரித்தது.

மகெரித்தா ரோட்டோரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தாள். காய வைத்திருந்த வலைகளைப் பார்த்தாள். தங்கையின் கழுத்தில் வாடிக் கிடந்த மாலையைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

“நேரா உன் நாட்டு மந்திரி வீட்டுக்குப் போய் என் நாளைக் குடுடான்னு கேக்கணும்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “கொஞ்சம் எடுத்து வெச்சிருப்பியே எனக்கு?” என்றாள்.

“இல்லை அக்கா. தீர்ந்து போச்சு.” ஜெர்மன்காரியைப் பற்றிச் சினிவா அப்போதும் சொல்லவில்லை, எப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் வா வா என்று அடம்பிடித்து மகெரித்தா தங்கையைக் கடலுக்கு இழுத்துப் போனாள். இரண்டு பேரும் புது வலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வலையில் பாசியும் இரண்டு இலையும் வந்தன. மகெரித்தாவுக்குக் குளிரில் பல் அடித்தது. ஸ்வெட்டர் எடுத்து வந்திருந்தாள், ஆனால் அது பெட்டியில் இருந்தது.

குடிலுக்குத் திரும்பித் துண்டால் தலையைத் துவட்டும்போதுதான் அவள் கம்பத்தில் தொங்கிய காகிதத்தைப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். சினிவா கொக்கோ டம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நாலாவது நல்லா எழுதியிருக்கே. சின்னக் குழந்தைக்கும் புரியும்” என்றாள் மகெரித்தா. குத்தலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே பாராட்டினாள். குத்தியிருந்தால் சினிவாவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

ஐந்து நாள் இருந்துவிட்டுப் புறப்படும்போது மகெரித்தா தங்கையின் முகத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள். “இந்தத் தடவை நீ வாடி. என் வீட்டை நீ பார்த்ததே இல்லை. உனக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கேன். மே மாசம் வா, அது உனக்குப் பிடிச்ச மாசம்தானே?”

“வரேன் அக்கா. கண்டிப்பா வரேன்.”

மே மாதத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இருபத்திரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் வருவதாக எழுதினார்கள். ஆறு குடிலும் நிறையும். இரண்டுங்கெட்டான் மாதத்தில் அப்படி ஒரு கூட்டம் கிடைப்பது குதிரைக் கொம்பு. சினிவா அக்காவிடம் அக்டோபரில் வருகிறேன் என்றாள். சரி, பலோலோவுக்கு வா என்றாள் மகெரித்தா. அவள் குரலில் மூச்சு வாங்கியது. சினிவாவுக்கு அது கேட்டது. கேட்டும், போனை வைத்துவிட்டுத் தலையணை உறை தோய்க்கப் போனாள்.

ஆகஸ்டில் செய்தி வந்தது. நெஞ்சுதான். தூக்கத்திலேயே போய்விட்டாளாம்.

ஆகஸ்ட்! ஒரு குடில் காலியில்லை, கூடாரம் போட்டுக்கூட ஆட்கள் படுத்திருந்தார்கள். சினிவா துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் மெல்லிய பாய் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினாள். சாவிக்கொத்தை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டு நடந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கூரையும் சரியவில்லை. விருந்தாளிகள் தங்கள் கொக்கோவைத் தாங்களே காய்ச்சிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இத்தனை வருஷம் தான் நகர்ந்தால் எல்லாம் விழுந்துவிடும் என்று நினைத்திருந்தாளே, அதை நினைத்துக் கப்பலில் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

புதன்கிழமை தலைநகர் ஆப்பியாவில் விமானம் ஏறினாள். பாங்கோவில் இறங்கியபோது சுவரில் செவ்வாய்க்கிழமை என்று போட்டிருந்தது. அக்காவுக்குத் தொலைந்த ஒரு நாள் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வெளியே வந்தாள்.

அடக்கம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, பக்கத்து வீட்டுப் பெப்பே மட்டும் சமையல்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மகெரித்தாவோடு ஆலையில் முப்பது வருஷம் தோளோடு தோள் நின்றவள்.

“போன வருஷம் உன் ஊருக்கு வந்தாளே, அன்னிக்கு விடியக்காலம் இங்க பலோலோ எழும்புச்சு” என்றாள் பெப்பே. “நான் போய் கதவைத் தட்டினேன். மூட்டை கட்டிட்டு இருந்தா. ‘வா, ரெண்டு கை அள்ளிட்டு அப்புறம் ஏர்போர்ட் போலாம்’னேன். ‘எனக்கு நாளைக்கு இருக்கு, தங்கச்சிகூட’ன்னுட்டா.”

“அன்னிக்கு என்ன கிழமை?”

“புதன்.”

சினிவா விரல் விட்டு எண்ணினாள். இங்கே புதன் விடியல் என்றால் அங்கே வியாழன் விடியல். ஒரே விடியல். நாளுக்குக் கோடு போட்டது அரசாங்கம், நிலாவுக்கும் புழுவுக்கும் அது எங்கே தெரியும்? தான் அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று திட்டித் திட்டி அள்ளிய அதே நேரத்தில், அக்கா இங்கே வாசலுக்கு வந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டியிருக்கிறாள். முந்தின நாள் சாயங்காலம் தான் ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதும். நாள் தப்பியது தெரிந்திருக்கும், இங்கேயாவது இறங்கி அள்ளியிருப்பாள்.

“நான் அள்ளிட்டு வந்து ஒரு டப்பா குடுத்தேன்” என்றாள் பெப்பே. “ஃப்ரீசர்ல போட்டா. ஊர்லேர்ந்து வந்ததுக்கு அப்புறமும் தொடலை. என்னையும் தொட விடலை. சினிவா வருவா, சேர்ந்து சாப்பிடறோம்னு பத்து மாசம் வெச்சிருந்தா. இன்னும் இருக்கு. தூக்கிப் போட்டுடவா?”

“குடு.”

மூடியில் கோணல்மாணலாக ‘சினிவா’ என்று எழுதியிருந்தது. சினிவா அடுப்பைப் பற்றவைத்து, வெண்ணெய் உருக்கி, அதைச் சட்டியில் போட்டாள். உருகி, வதங்கி, கரும்பச்சையாக ஒரு கைப்பிடிதான் மிஞ்சியது. பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்துவிட்டாள். எடுத்தபின் திருப்பி வைக்க மனசு வரவில்லை. இரண்டிலும் வைத்தாள். முதலில் ஒன்றைச் சாப்பிட்டாள், பிறகு மற்றதையும் அவளே சாப்பிட்டாள். ஃப்ரீசர் வாடையும் உப்புமாக இருந்தது.

பெப்பே அவள் முதுகைத் தடவினாள். “அழாதே. நீயும்தான் என்ன பண்ணுவே? கிழமை தப்பிப் போச்சு, யாருக்கும் வரும்.”

“கிழமை இல்லை பெப்பே” என்றாள் சினிவா. “ஜூலையில வரட்டுமான்னு கேட்டா. பக்கத்துல படுத்துக்கறேன்னா. வான்னு சொல்லியிருக்கணும்.”